நத்தார்த் திரைக்கதையிற் காலங்கடந்த காதல்

காதலர் கூடுதற்கு இடையூறாய் நிற்பன பல. பெற்றோர் மறுப்பும், ஊரார் அலரும், செல்வ வேற்றுமையும், பொருள்வயிற் பிரிவும், போர்வயிற் பிரிவும் இலக்கியங்களிற் பல்லாற்றானும் பேசப்பட்டுள்ளன. இவையாவும் ஒரே காலத்தில் வாழும் இருவர்க்கிடையே எழுவன. தலைவன் ஒரு காலத்திலும் தலைவி மற்றொரு காலத்திலும் பிறந்திருப்பின் அவர்க்கிடையே நிற்கும் தடையை எங்ஙனம் கடப்பது? கடந்தபின் அதற்கு அவர் கொடுக்கும் விலை யாது? இவ்வினாக்களை எழுப்பும் கதைவகையொன்று அண்மைக்கால மேனாட்டுத் தொலைக்காட்சிகளில், நத்தார் நாளையொட்டி ஆண்டுதோறும் செல்வாக்குப் பெற்று வருகின்றது. அவ்வகையைச் சேர்ந்த 'ஏ பில்ற்மோர் கிறிஸ்மஸ்' என்னும் திரைப்படம் 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஹோல்மார்க் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஜோன் புச் என்பவர் அதனை இயக்கினார். மலைநாட்டு மாளிகையொன்றை இடமாகவும் 1947ஆம் ஆண்டைக் காலமாகவும் கொண்டது அக்கதை. மலைநாட்டு மாளிகைகளையும் 1947ஆம் ஆண்டையும் வேறொரு வகையில் அறிந்தது இலங்கை மலையகம். அம்மலையகத்தின் நோக்கில் வைத்து அப்படத்தின் நிறையும் குறையும் ஆராய்தல் பயனுடைத்து.

நத்தார்க் காலத்தையும் காலப் பயணத்தையும் இணைத்த பெருமை ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்ஸையே பெரிதும் சாரும். 1843ஆம் ஆண்டு வெளிவந்த 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் அவர்தம் குறுநாவலில், ஸ்குறூஜ் என்னும் கருமியை ஆவிகள் மூன்று அவனது இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் அழைத்துச் செல்கின்றன. இறந்தகாலத்தில் அவன் காணும் காட்சிகளுள் நெஞ்சை உருக்குவது, அவனுக்கு உறுதிசெய்யப்பட்டிருந்த பெல் என்னும் நங்கை அவனைப் பிரியும் காட்சியாகும். பொன்னாசை அவன் உள்ளத்தில் தன் இடத்தைப் பற்றிக்கொண்டதென்று கூறி அவள் அவனை விடுவிக்கின்றாள். அவன் அங்கே காணலாம், மாற்றுதல் இயலாது. மாற்றக்கூடியது அவன் விழித்தெழும் நாள் ஒன்றே. அந்நாளிற் புதியவனாய் எழுந்தவன், கிழமைக்குப் பதினைந்து சிலிங் பெற்றுவந்த தன் எழுத்தன் பொப் கிறச்சிற்றின் சம்பளத்தை உயர்த்துகின்றான். இழந்த காதலைக் காட்டித் தொடங்கிய பயணம் உழைப்பவன் ஊதியத்தில் வந்து முடிதல் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

காலங்கடந்த மணம் என்னும் பொருள் நம் புராண மரபுக்கும் புதிதன்று. பாகவதத்தின் ஒன்பதாம் கந்தத்தில் ககுத்மி என்னும் அரசனின் வரலாறு வருகின்றது. தன் மகள் இரேவதிக்கு ஏற்ற மணாளன் யாவன் என்பதைப் பிரமனிடமே கேட்டறிய எண்ணி, அவளையும் உடன்கொண்டு அவன் பிரமலோகம் புகுந்தான். அங்குக் கந்தருவர் இசை நிகழ்ந்துகொண்டிருந்தமையாற் சிறுபொழுது காத்திருந்தான். இசை முடிந்தபின் அவன் தன் விருப்பை உரைக்கவும், பிரமன் நகைத்து, அவன் மனத்திற் கொண்டிருந்த அரசிளங்குமரர் மட்டுமன்றி அவர்தம் மக்களும் பேரரும் மறைந்தொழிந்தனரென்றும், மண்ணுலகில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்தனவென்றும் கூறினான். பின்னர் இரேவதி பலராமனுக்கு மனைவியாயினாள். பழைய யுகத்தவளாதலின் அவள் உருவில் மிக உயர்ந்திருந்தாளென்றும், பலராமன் தன் கலப்பையால் அவளைக் காலத்துக்கேற்பத் தாழ்த்தினானென்றும் விஷ்ணு புராணம் உரைக்கும். இக்கதையின் உட்பொருள் ஆழமானது. மற்றொரு காலத்திற் சென்று மணப்பவள் தன் ஊரையும் உறவையும் அரசையும் இழக்கின்றாள். தன் உருவத்தையும் மாற்றிக்கொள்கின்றாள். அவ்விழப்பின் பின்னரே மணம் நிகழ்கின்றது.

தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் நத்தார்ப் படங்கள் இவ்விழப்பைப் பல வகையாற் கையாள்கின்றன. 2016ஆம் ஆண்டின் 'ஜேர்னி பாக் டு கிறிஸ்மஸ்' என்னும் படத்தில், 1945ஆம் ஆண்டைச் சேர்ந்த செவிலி ஒருத்தி, போர் தந்த துயரைச் சுமந்தவளாய் 2016ஆம் ஆண்டிற் கண்விழிக்கின்றாள். முடிவில் தன் காலத்துக்கே மீள்கின்றாள். 2020ஆம் ஆண்டின் 'ஏ ரைம்லெஸ் கிறிஸ்மஸ்' படத்தில், 1903ஆம் ஆண்டுச் செல்வர் ஒருவர் நிகழ்காலத்துக்கு வந்து, காட்சிச்சாலையாகிவிட்ட தம் சொந்த மாளிகையைப் பார்வையாளர்க்குச் சுற்றிக்காட்டும் பெண்ணிடம் உள்ளத்தைப் பறிகொடுக்கின்றார். தமிழ்த் திரையிலும் 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'கணம்' (2022) முதலியன காலப் பயணத்தைக் கருவாகக் கொண்டவையே. ஆயின் அவற்றுட் காதல் இருப்பினும், வெவ்வேறு காலத்தார் இருவரின் காதல் கதைக்கு அச்சாக அமையவில்லை. 'கணம்' படத்தின் நாயகன் தேடிச் செல்வது இழந்த தாயை. தமிழ்ப் படங்கள் நேர்ந்ததைத் திருத்தவோ இழந்தவரைக் காணவோ விழைய, மேனாட்டு நத்தார்ப் படங்கள் பழைய மாளிகையொன்றில் மணம் தேடுகின்றன.

'ஏ பில்ற்மோர் கிறிஸ்மஸ்' கதையின் சுருக்கம் வருமாறு: லூசி ஹார்ட்குறோவ் என்பவள் திரைக்கதை எழுதுபவள். 1947ஆம் ஆண்டிற் பில்ற்மோர் மாளிகையில் எடுக்கப்பட்டுப் புகழ்பெற்றதாகக் கதையுட் கூறப்படும் நத்தார்ப் படமொன்றை மீண்டும் எடுப்பதற்கு எழுதும் பணி அவளுக்குக் கிடைக்கின்றது. அவள் எழுதிய முடிவு படநிறுவனத் தலைவருக்கு நிறைவளிக்காமையால், அம்மாளிகையை நேரிற் கண்டு வருமாறு அனுப்பப்படுகின்றாள். ஆங்கு மணற்கடிகையொன்றைத் திருப்பியதும் 1947ஆம் ஆண்டின் படப்பிடிப்புக் களத்தில் நிற்கின்றாள். அப்படத்தின் நாயகனாய் நடிக்கும் ஜாக் ஹூஸ்ரனிடம் அவள் உள்ளம் செல்கின்றது. அவளது வருகையால் வரலாறு தடம் மாறுகின்றது. மீளும் வழியும் அடைபடுகின்றது. இருவரும் சேர்ந்து அதனைச் சீர்செய்கின்றனர். இறுதியில் ஜாக் தன் காலத்தைத் துறந்து அவள் காலத்தை அடைகின்றான்.

இக்கதை மேனாட்டாருக்கு ஏன் இனிக்கின்றது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு விளக்கம் தருகின்றது. அகப்பொருளுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதெனவும், புணர்தல் உரிப்பொருளெனவும் இலக்கண நூலார் வகுத்தனர். பில்ற்மோர் மாளிகை வட கரோலினாவின் புளூ றிட்ஜ் மலைத்தொடரில், ஆஷ்வில் நகரை அடுத்துள்ளது. நத்தார் மார்கழித் திங்களில் வருவது, மார்கழி முன்பனிக்குரியது. மலையும் முன்பனியும் புணர்தலும் ஒருங்கு அமைந்த இக்கதை குறிஞ்சித் திணையின் அமைப்பைத் தன்னையறியாமலே பெற்றுள்ளது. குறிஞ்சித் தலைவன் காட்டாற்றையும் விலங்கையும் இருளையும் கடந்து இரவுக்குறிக்கு வருகின்றான். இங்கே தலைவி எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தைக் கடந்து வருகின்றாள். தடை நிலத்தினின்று பொழுதுக்கு மாறியது. இதுவே இவ்வகைக் கதைகள் அகப்பொருட்குச் சேர்த்த புதுமை எனலாம்.

படத்தின் தலையாய சிறப்பு, முடிவு பற்றிய வினாவைக் கதையின் நடுவில் நிறுத்தியமையாகும். தொலைக்காட்சி நத்தார்ப் படம் இன்பத்தில் முடியும் என்பதைப் பார்ப்போர் தொடக்கத்திலேயே அறிவர். அவ்வறிவைப் படம் மறைக்கவில்லை. இன்பமுடிவை எழுத மாட்டாத ஒருத்தியையே தலைவியாக்கியது. அவளது ஐயம் எள்ளி ஒதுக்கப்படவில்லை. பழைய படத்தின் முடிவு எங்ஙனம் உருவாயிற்று என்பதை அவள் அருகிருந்து காணும்போது, இன்பமுடிவென்பது வழக்கத்தாற் செய்யப்படுவதன்று, ஒருவர் துணிந்து தேர்வது என்னும் உணர்வைப் பெறுகின்றாள். ஜாக்கின் வருகையிலும் ஓர் இழப்பு உண்டு. தன்னை அறிந்தோர் யாவரும் மறைந்துபோன உலகுக்கு அவன் வருகின்றான். ககுத்மியின் துயரம் அவனுக்கும் உரியதே. ஆயினும் புராணம் அத்துயரைப் பிரமன் வாயாற் சொல்லிக் காட்டியது. படமோ தலைவியின் முகமலர்ச்சியால் அதனை மூடிவிடுகின்றது.

குறை இங்கிருந்தே தொடங்குகின்றது. படத்தில் இறந்தகாலம் எவ்வடிவில் வருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். பில்ற்மோர் மாளிகை ஜோர்ஜ் வாண்டர்பில்ற் என்னும் பெருஞ்செல்வரால் எழுப்பப்பட்டு, 1895ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய மாலையில் உறவினர்க்கும் நண்பர்க்கும் திறக்கப்பட்டது. அறைகள் ஏறத்தாழ 250 உள்ளன. 1930ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் பார்வைக்கும் விடப்பட்டது. அப்பெருநிலத்தின் ஒருபகுதியில் ஷைலோ என்னும் கறுப்பின மக்களின் ஊர் இருந்தது. வாண்டர்பில்ற் அவர்தம் நிலங்களை விலைக்கு வாங்க, அம்மக்கள் வேறிடத்திற் குடியேறினர். அவர்தம் தேவாலயமும் இடம்பெயர்ந்தது. 1947ஆம் ஆண்டிலோ வட கரோலினாவில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் பள்ளியும் பிறவும் சட்டத்தாற் பிரிக்கப்பட்டிருந்தன. படம் இவற்றைத் தன் பொருளாக்கவில்லை. விளக்கொளி நிறைந்த கூடங்களும் நல்லுடை உடுத்த நடிகருமே இறந்தகாலமென நிற்கின்றனர். அழகிய பொருளைத் தெரிந்தெடுத்தல் கலைஞனுக்கு உரிமை என்பது உண்மையே. எனினும் ஒரு காலத்தைக் காதலிக்குமாறு பார்ப்போரை அழைக்கும் படம், அக்காலத்தில் எவர் அங்ஙனம் காதலித்திருத்தல் கூடும் என்ற வினாவினின்று தப்புதல் இயலாது.

இவ்வினாவை மலையகம் நாள்தோறும் கண்முன் காண்கின்றது. காசல்றீ நீர்த்தேக்கத்தை அடுத்த துரைமார் பங்களாக்கள் சில இன்று உல்லாச விடுதிகளாகியுள்ளன. கந்தப்பளையின் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலையும் விடுதியாகிவிட்டது. மார்கழிக் குளிரில் நுவரெலியாவுக்கு வரும் பயணி, கணப்பருகே அமர்ந்து தேநீர் அருந்திப் பழங்காலத்துக்கே சென்று வந்ததாக மகிழ்கின்றான். அவனுக்கு மணற்கடிகை வேண்டியதில்லை. அறை வாடகையே போதும். அப்பங்களாவின் கீழே சரிவில் லயங்கள் உள்ளன. வெள்ளைத் துரைமார் காலத்தில் எழுந்த லயத்துக் காம்பராக்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பங்களா பழமையாகிவிட்டமையால் அதனைக் காட்சிப் பொருளாக்கலாம். லயம் பழமையாகவில்லை, ஆதலின் அதற்குச் சீட்டு விற்பாரும் இலர். கடந்துபோன காலத்துக்குத்தான் பயணம் செல்லுதல் கூடும். கடவாது நிற்கும் காலத்துள் வாழ்வோர்க்குப் பயணம் எதற்கு?

பனி பற்றிய நோக்கும் இத்தகையதே. இவ்வகைப் படங்களில் வெண்பனி, காதலர் முதன்முறை முத்தமிடும் வேளையில் மெல்லெனப் பொழியும் அணி. நுவரெலியாப் பகுதியில் ஆண்டின் தொடக்கத்துக் குளிரில் விழும் உறைபனி, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். பேர் பாதியானால் அன்றைய கூலியும் பாதியாகும். ஒரே பனி ஒருவர்க்கு அணியாகவும் மற்றொருவர்க்கு இழப்பாகவும் அமைதல் திறனாய்வோன் கருதத்தக்கது.

இனி 1947ஆம் ஆண்டினை நோக்குவோம். படத்தில் அஃது ஒரு பொற்காலம். இலங்கையின் மலையகத்துக்கும் அவ்வாண்டு ஒருவகையிற் பொன்னாண்டே. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர். தோட்டத்துத் தொழிலாளி தன் வாக்கால் தன் உறுப்பினனைத் தேர்ந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிக்கும் வழியொன்றைத் திறந்தது. அவ்வழிக்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, மணமானோர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவுதலாகும். விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர்.

லூசியின் பயணத்தை இதனோடு ஒப்பிடின் படத்தின் எளிமை புலப்படும். தனதல்லாத காலத்திற் போய் நிற்கும் லூசிக்கு அங்கே நட்பும் காதலும் கிடைக்கின்றன. 'கடந்த ஏழாண்டு எங்கிருந்தாய்?' என்று அவளை வினவுவார் இலர். ஹற்றனிலும் டிக்கோயாவிலும் பிறந்து வளர்ந்தோரோ அவ்வினாவுக்கு விடைதரக் கடதாசிகளைத் தேடினர். பாட்டன் காட்டை அழித்துப் போட்ட பாதை இருந்தது. பாட்டி நட்ட தேயிலை இருந்தது. சான்றுப் பத்திரம் இருந்ததில்லை. இறந்தகாலத்துக்குச் செல்லும் மணற்கடிகையை எவரேனும் உண்மையில் வேண்டி நின்றார் எனின், அவர் அம்மக்களே.

காலம் காதலரைப் பிரிக்கும் என்பதும் இங்குக் கற்பனையன்று. 1964 ஒக்ரோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என வரையறுத்தது. ஒரே தோட்டத்தில் ஒரே பெரட்டில் நின்றோர் இரு நாட்டினராயினர். உறவுகள் ஹற்றன் புகையிரத நிலையத்திற் கண்ணீருடன் பிரிந்து, தலைமன்னார் வழியே கடல் கடந்தன. சங்கத் தலைவி, தலைவன் பொருள்தேடி மீளும் பருவத்தை எண்ணிக் காத்திருந்தாள். மீளும் பருவம் குறியாத பிரிவை இம்மக்கள் கண்டனர். எஞ்சி நின்றோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் முயற்சிகளின் முடிவாக 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்தபோது, அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

பொழுதுபோக்கிற்கென எடுத்த படத்தின்மீது இத்துணைப் பாரத்தை ஏற்றலாமோ எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே. பில்ற்மோரில் நிகழும் கதை ஹற்றனைப் பேசவேண்டும் என எவரும் எதிர்பார்த்தல் இல்லை. படத்தை அதன் மரபினாலேயே அளத்தல் நேரிய முறை. அம்மரபின் மூலநூலோ டிக்கின்ஸின் குறுநாவல். அதுவும் விருந்தும் விளக்கும் பாட்டும் மலிந்த பொழுதுபோக்கு நூலே. ஆயினும் அதில் இறந்தகாலம் ஸ்குறூஜிடம் ஒன்றைக் கேட்டது. அவனும் அதனைச் செலுத்தினான். அவனது எழுத்தனின் ஊதியம் கதையின் இன்பத்தைக் குறைக்கவில்லை. இன்பத்துக்கு அதுவே காரணமாயிற்று. இன்றைய தொலைக்காட்சிப் படங்கள் அம்மரபிலிருந்து நத்தாரையும் காலப் பயணத்தையும் காதலையும் எடுத்துக்கொண்டு, சம்பளத்தை மட்டும் விட்டுவிட்டன. நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்வதற்குப் பல்லாண்டு குரலெழுப்பி, 2021ஆம் ஆண்டில் அதனைப் பெற்ற மக்களுக்கு, விடப்பட்ட அப்பகுதியே கதையின் உயிரெனத் தோன்றுதல் வியப்பன்று.

இறந்தகாலம் நிகழ்காலத்திடம் ஒன்றைக் கேட்கும் என்னும் உணர்வு மலையக இலக்கியத்தில் வலுவாக உண்டு. 1947இல் உறுப்பினராயிருந்த வேலுப்பிள்ளை, 1954ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதை நூலில், செடிகளின் அடியிற் புதையுண்ட முன்னோரை நினைவுகூர்ந்தார். அங்கே இறந்தகாலம் மாளிகையாய் எழுந்து நிற்கவில்லை; தேயிலைக்கு எருவாய்க் கிடக்கின்றது. அதனைக் காணும் பேரன் அதற்குக் கடன்பட்டவனாகின்றான்.

அவ்வுணர்வோடு ஒருவர் இக்கதைவகையைக் கையாளின் அது யாங்ஙனம் அமையும்? டிக்கோயாப் பங்களா ஒன்றில் விருந்தினர்க்கு அறை துப்புரவு செய்யும் இளம்பெண் ஒருத்தி, மேசைமேலுள்ள மணற்கடிகையைத் துடைக்கும்போது திருப்பிவிட்டாள் எனக் கொள்க. அவள் சென்று நிற்குமிடம் 1947ஆம் ஆண்டின் பெரட்டுக்களம். வாக்களித்துவிட்டு மகிழ்ந்து வரும் இளைஞன் ஒருவனை அவள் காண்கின்றாள். அவனிடம் அன்பு பிறத்தல் எளிது. அடுத்த ஆண்டு வரப்போவதை அவனுக்கு உரைத்தல் எளிதன்று. உரைத்தாலும் அவன் நம்புவானோ? அவனைத் தன் காலத்துக்கு அழைத்து வந்தாலோ, பங்களாவின் புதுமை கண்டு அவன் வியப்பான். சரிவில் இறங்கியதும் தான் விட்டுவந்த காம்பராவைக் கண்டு திகைத்து நிற்பான். எத்தனை ஆண்டு கழிந்தன என்று கேட்கும் அவனுக்கு, பிரமன் ககுத்மிக்கு உரைத்ததுபோல் அவளும் ஒரு கணக்கு உரைத்தல் வேண்டும். புணர்தல் அக்கதைக்கும் உரிப்பொருளாகலாம், இன்பமுடிவும் அமையலாம். ஆனால் அம்முடிவு அவள் அவனுக்குக் கூறும் விடையைப் பொறுத்ததாகும்.

'ஏ பில்ற்மோர் கிறிஸ்மஸ்' இனிய படம். அதன் நடிப்பும் ஒப்பனையும் மாளிகையின் எழிலும் இரண்டு மணிப்பொழுதை இனிது கழிக்கத் துணைபுரியும். இன்பமுடிவை ஐயுறும் தலைவியை முன்னிறுத்திய துணிவு பாராட்டத்தக்கது. ஆயின் அவள் சென்றுவந்த காலம் அவளிடம் எதனையும் கேட்கவில்லை. ஒரு மணாளனை மட்டும் கொடுத்தனுப்பியது. கேட்கவேண்டியவற்றைக் கேட்கும் காலத்தை அறிந்த மலையகத்து இளைஞர், தம் தாத்தா பாட்டியரின் பேச்சையும் பழைய கடதாசிகளையும் கருவாகக் கொண்டு இவ்வகைக் கதையொன்றை எழுதுவாராயின், அது குறிஞ்சித் திணைக்கு ஒரு புதிய துறையாக நிலைபெறும்.